குழுவுக்கு டிஜிட்டல் கேமரா: வாங்கும்முன் கவனிங்க

மாட்டுக் காப்பீட்டுப் படத்தில் காதுவில்லை எண் தெளிவாத் தெரியணும். தெரியலைன்னா இழப்பீடு கேட்கும்போது சிரமம். அதனால, கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராவை வாங்கும்முன் நாம் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்குவோம்.

மெல்லிசா இருந்தா மட்டும் போதாது. 2002-ல் வந்த கேசியோ எக்ஸிலிம் எஸ்-1 கேமராவின் தடிமன் 11.3 மில்லிமீட்டர்தான். ஆனால் அதில் ஆப்டிகல் ஜூம் கிடையாது.

ஜூம் இரண்டு வகை. ஆப்டிகல் ஜூமில் லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும், தெளிவு குறையாது. டிஜிட்டல் ஜூம் படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிசாக்கும், எண் மங்கிடும். அதனால ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்குன்னு கேளுங்க.

ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளிகள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 5 மெகாபிக்சலே தாராளம். பெரிய எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் தரவேண்டாம்.

காதுவில்லையைக் கிட்டே எடுக்க, பூப்படம் போட்ட மேக்ரோ பட்டனை அழுத்துங்க. ஃப்ளாஷ் வேண்டாம், எண் வெளுத்துப்போகும். பகல் வெளிச்சமே நல்லது.

இப்போ பல வீட்டில் செல்போனே போதும். பழைய கேமரா வாங்கினா, அதுக்கேற்ற பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு கிடைக்குதான்னு பார்த்தபிறகே கூட்டத்தில் தீர்மானம் போடுவோம்.