விடுதியாக மாறிய வீட்டில் முன்பு வாழ்ந்தவர்கள் யார்? தடம் காண்பது எப்படி?

ஹைதராபாத்: நாட்டின் பல நகரங்களில் பழைய வீடுகளும் மாளிகைகளும் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. அங்கு அறை எடுக்கும் பயணிக்கு, 'இங்கே முன்பு யார் வாழ்ந்தார்கள்?' என்பது ஆர்வத்தால் எழும் கேள்வி. தாத்தா, பாட்டி வாழ்ந்த வீட்டைத் தேடி வருபவருக்கோ அது குடும்ப வரலாறு. இந்தக் கேள்விக்கு விடை தரும் ஆவணங்கள் எவை, அவை எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதை ஹைதராபாத்தின் இரண்டு பகுதிகளைக் கொண்டு அறியலாம்.

பெயர் பொறித்த மாளிகை

முதலாவது, ஃபலக்னுமா அரண்மனை. பைகா பிரபு விகார்-உல்-உம்ரா 1884-ம் ஆண்டு இதைக் கட்டத் தொடங்கினார். பின்னர் இது ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் வசமானது. அவர் 1911-ல் இங்கேயே காலமானார். நீண்ட காலம் மூடிக்கிடந்த அரண்மனை, சீரமைப்புக்குப் பின் 2010 நவம்பரில் தாஜ் குழுமத்தின் விடுதியாகத் திறக்கப்பட்டது. உரிமை கைமாறி ஒரு நூற்றாண்டு கடந்தும், முதல் உரிமையாளரின் பெயரைக் குறிக்கும் 'வி.ஓ.' என்ற முத்திரை எழுத்துகளை அறைகலன்களிலும் சுவர்களிலும் இன்றும் காணலாம்.

பெயர் இல்லாத குடியிருப்புகள்

இரண்டாவது, செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா. 1893-ல் ரயில்வே பணிமனை அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து வளர்ந்த பகுதி இது. ஆங்கிலோ-இந்தியர் உட்படப் பல சமூகத்தினர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தனர். விடுதலைக்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல, பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. இத்தகைய வீட்டின் பத்திரத்தில், அங்கு வாழ்ந்த ஓட்டுநரின் பெயரோ ஃபிட்டரின் பெயரோ இருக்காது. வீடு ரயில்வேயின் சொத்து. குடியிருந்தவர் பணி மாறியதும் வெளியேறியவர். தேடலின் முதன்மைச் சிக்கல் இதுவே: சொத்து ஆவணங்கள் உரிமையாளரை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன, வாழ்ந்தவரை அல்ல.

உரிமையாளரைத் தேட

தனியார் வீடு எனில், சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றே முதல் படி. தெலங்கானாவில் 1983-க்குப் பிந்தைய பதிவுகளை இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, அசையாச் சொத்துகளுக்கான முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிட வழிசெய்கிறது.

பத்திரத்தின் இறுதியில் வரும் நான்கெல்லை விவரத்தில் அண்டை வீட்டு உரிமையாளர்களின் பெயர்கள் இடம்பெறுவது வழக்கம். தேடும் வீட்டின் பத்திரம் கிடைக்காதபோது, பக்கத்து வீட்டின் பத்திரம் கைகொடுக்கக்கூடும். நிஜாம் ஆட்சிக்கால ஆவணங்களுக்கு, லாலாகுடாவுக்கு அருகே தார்நாகாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தை அணுகலாம். அவற்றில் பாரசீகம், உருது மொழி ஆவணங்கள் மிகுதி என்பதால், அம்மொழிகளை வாசிக்கத் தெரிந்தவரின் உதவி தேவைப்படும்.

குடியிருந்தவரைத் தேட

வாடகைக்கோ பணிக்காகவோ தங்கியவரைக் காண, வீட்டை விடுத்து மனிதரைப் பின்தொடர வேண்டும். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் குறிக்கப்பட்டிருக்கும். சென்னை மாகாண மறைமாவட்டத்தின் கீழ் வந்த பதிவுகளின் படிகள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. 'தாக்கர்ஸ்' போன்ற பழைய முகவரி நூல்கள் அதிகாரிகளையும் வணிகர்களையும் பட்டியலிட்டன. கடைநிலைப் பணியாளர்களை அவற்றில் காண்பது அரிது.

பணிப் பதிவுகளைத் தேடுபவர் நிர்வாக மாற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும். நிஜாம் ரயில்வே 1930-ல் தனியார் நிறுவனத்திடமிருந்து ஹைதராபாத் அரசின் கைக்கு வந்தது. 1951-ல் மத்திய ரயில்வேயில் இணைந்தது. 1966-ல் உருவான தென் மத்திய ரயில்வேயின் கீழ் லாலாகுடா வந்தது. எனவே, ஒருவர் எந்த ஆண்டில் பணியாற்றினார் என்பது தெரிந்தால்தான் எந்த அலுவலகத்தைக் கேட்பது என்பதும் தெரியும்.

எச்சரிக்கை தேவை

கதவு எண்களும் தெருப் பெயர்களும் காலப்போக்கில் மாறுகின்றன. சென்னையில் 'பழைய எண், புதிய எண்' என்று எழுதும் வழக்கம் இதற்குச் சான்று. ஒரே பெயரில் பலர் இருப்பர். 'இன்னார் தங்கிய அறை' என்ற விடுதி விளம்பரம் மட்டுமே ஆதாரமாகாது. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகும்போதுதான் ஒரு பெயரை உறுதிசெய்ய முடியும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

காப்பகத்துக்குச் செல்லும் முன், குடும்பப் பெட்டியைத் திறப்பது நல்லது. பழைய அஞ்சல் உறையில் உள்ள முகவரி, பள்ளிச் சான்றிதழ், புகைப்படத்தின் பின்புறக் குறிப்பு ஆகியவை ஆண்டையும் கதவு எண்ணையும் ஒருங்கே தரக்கூடியவை. அவற்றில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது அவசியம். பெயர் தெரியாத ஒருவரை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.