அளவு அறிந்து கேமரா வாங்குங்கள்

கேமரா வாங்கப் போனால் விற்பவர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியதோ, வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் எவ்வளவு பெரியது என்பது. படம் எவ்வளவு தெளிவாக வரும், தோள்பை எவ்வளவு கனக்கும் என்ற இரண்டையும் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். பழுதான பொருளுக்கும் பொய்யான விளம்பரத்துக்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு. தனக்குப் பொருந்தாததைத் தானே தேர்ந்தெடுத்தவருக்கு அந்தப் பரிகாரம் கிடையாது.

ஃபுல் ஃபிரேம் எனப்படும் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். இந்த அளவு பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். கனத்த கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், சினிமா பிலிமின் ஃபிரேமை இரட்டிப்பாக்கிக் கைக்கடக்கமான கேமரா ஒன்றை உருவாக்கினார். அது 1925-இல் லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

இன்று அதைவிடச் சிறிய அளவுகள் பல இருக்கின்றன. ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ.; கேனன் கேமராக்களில் இன்னும் சற்றுச் சிறியது. ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13 மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் சில கேமராக்களில் உள்ள ‘1 இன்ச்’ சென்சாரோ 13.2-க்கு 8.8 மி.மீ. மட்டுமே. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாமல் மில்லிமீட்டர் கணக்கைக் கேட்டு வாங்குவது நல்லது.

பரப்பளவில் ஃபுல் ஃபிரேம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரியது. 1 இன்ச் சென்சாரைவிட ஏழு மடங்குக்கும் மேல். லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணும் ஷட்டர் வேகமும் ஒன்றே என்றால் பெரிய சென்சாரில் விழும் மொத்த வெளிச்சமும் அதே விகிதத்தில் கூடும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் அதிகாலை முகூர்த்தத்தைப் படமெடுப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்கூடு. பகல் வெயிலில் கோபுரத்தை எடுத்து ஏ4 தாளில் அச்சிடுபவருக்கு அது தெரிவதே அரிது. 300 டிபிஐ தரத்தில் ஏ4 அச்சுக்கு 9 மெகாபிக்சல்கூடத் தேவைப்படாது.

எடைக்கு வருவோம். லென்ஸ் இல்லாத கேமரா, அதாவது பாடி, சின்னதாக இருக்கிறதே என்று பலர் ஏமாறும் இடம் இது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு ஃபுல் ஃபிரேம் பாடிகளும் மெலிந்துவிட்டன. 2013-இல் வந்த சோனி ஏ7 அரைக் கிலோகூட இல்லை. ஆனால் லென்ஸ் மெலியவில்லை. சோனியின் இரண்டாம் தலைமுறை 70-200 எஃப்/2.8 லென்ஸ் மட்டும் 1,045 கிராம். அதே கோணத்தைத் தரும் பானசோனிக்கின் 35-100 எஃப்/2.8 சுமார் 360 கிராம். பின்னணியை மங்கலாக்குவதில் இந்தச் சிறிய லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் எஃப்/5.6 தரும் அளவுக்குத்தான் வரும். வேடந்தாங்கலிலோ மலைப்பாதையிலோ மணிக்கணக்கில் நடப்பவருக்கு அது பெரிய இழப்பல்ல. திருமணப் படங்களை நம்பிப் பிழைப்பவருக்கு ஃபுல் ஃபிரேமின் கனம் செய்யும் தொழிலின் தேவை. குடும்பம், பயணம், கொஞ்சம் ஆர்வம் என்று இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏபிஎஸ்-சி போதும். சென்னை, கோவை போன்ற நகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் செட்டை ஒரு நாள் முழுக்கச் சுமந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

 

இனி, எங்கே ஏமாற்றப்படலாம் என்று பார்ப்போம். ஆன்லைனில் மலிவாக வரும் சில கேமராக்கள், நகத்தளவு சென்சாரில் பதிவான படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி ‘64 மெகாபிக்சல்’ என்று காட்டுகின்றன. வேறு சில கடைகள் வரி கட்டாமல் வந்த கேமராவை பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகின்றன. பழுது வந்தால் அதற்கு இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காமல் போகலாம். முறையாக இறக்குமதியான பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலையும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆன்லைன் விற்பனையாளர், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்பப் பெற மறுக்க முடியாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர்கள் தீர்வு காண வேண்டும்.

அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தொழிலுக்காக வாங்கியது என்று கூறிப் புகைப்படக்காரர்களை ஒதுக்கிவிட முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

இந்த உரிமைகளுக்கெல்லாம் ஆதாரம் பில்தான். பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.