உடம்பில் தங்கிவிட்ட ஊதல்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன் நான். 1994-இல் என் கண்ணெதிரே ஒரு கேங்மேன் எஞ்சினில் அடிபட்டு இறந்தார். விசாரணை முடிந்தது, கோப்பையும் மூடினார்கள். ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறிய பின்னும் இரவில் ரயில் ஊதினால் என் தோள்கள் மேலேறும்; மூச்சு அடைக்கும். அதைக் கவனித்தவள் என் மனைவிதான்.

அவள் வற்புறுத்தலால் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். நடந்ததைக் கேட்காமல், "இப்போது உடம்பில் எங்கே இறுக்கம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தரையில் பாதம் பதிவதை உணரச் சொன்னார். மூச்சை நீளமாக விடச் சொன்னார். பழைய நினைவைச் சிறிது சிறிதாகத்தான் தொட விட்டார். அமெரிக்கரான பீட்டர் லெவின் வகுத்த முறையாம். பற்றவைத்த நீளத் தண்டவாளம் வெயிலில் நீள இடமின்றி உள்ளுக்குள் இறுகும். கிளிப்புகளைக் கழற்றித் தளரவிட்டு மறுபடி பூட்டுவோம். அதனால் விஷயம் எனக்குப் புரிந்தது.

2004 சுனாமிக்குப் பின், பெங்களூர் விவேகானந்தா யோகா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஷர்லி டெல்லஸ் குழுவினர் அந்தமானில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி தந்தார்கள். பயமும் சோகமும் தூக்கக் கேடும் குறைந்தன, மூச்சின் வேகமும் தணிந்தது என்று 2007-இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான்.

மருந்து சாப்பிடுபவர்கள் இதை நம்பி அதை நிறுத்திவிட வேண்டாம். ஓசூர் சாலை நிம்ஹான்ஸுக்குப் போகக் கூச்சமும் வேண்டாம்; நான்தான் வீணாகக் கூச்சப்பட்டேன்.

ஊதல் கேட்டால் இன்றும் தோள் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் தானே இறங்கியும் விடுகிறது.