வெள்ளைக் காரும் மெழுகுக் காப்பும்



வீட்டுக்கு ஒரு வாகனம் வந்தால் அதை ஓட்டுவது வாப்பாவாகவோ நானாவாகவோ இருக்கலாம். ஆனால் அதைக் கழுவித் துடைக்கும் வேலை பெரும்பாலும் உங்களிடமும் உங்கள் பிள்ளைகளிடமும்தான் வந்து சேருகிறது. ஆகவே இம்முறை அடுப்படியைச் சற்று விட்டுவிட்டு, முற்றத்தில் நிற்கும் வாகனத்தைப் பற்றிப் பேசுவோம். மத்ரஸாவில் பாடம் நடத்தும் மௌலவிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழை செய்து படித்தவன் என்ற ஒரு தகுதிதான் எனக்கு உண்டு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்து விடப்பட்டது. திறந்த பின்னரும் வரிச்சுமை குறையவில்லை. பதினான்கு வருடம் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய என் தம்பி, அந்தச் சேமிப்பின் பெரும் பகுதியைக் கொடுத்து ஒரு சிறிய வெள்ளைக் கார் வாங்கினார். அவருடைய வீட்டில் நிறுத்த இடமில்லை. அதனால் அது பதுளையில் எங்கள் முற்றத்துக்கு வந்தது.

தம்பியின் வியர்வை அல்லவா? ஒவ்வொரு நாளும் ஸுபஹுக்குப் பின் பழைய சாரம் ஒன்றை எடுத்து நானே காரைத் துடைத்தேன். தண்ணீர் வீணாகக் கூடாது என்பதற்காக, வெறும் துணியால் தூசைத் தேய்த்து எடுத்தேன். கார் பளிச்சென்று இருந்தது. என் மனமும் குளிர்ந்திருந்தது.

மூன்று மாதம் சென்றது. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மகள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் காரின் போனட்டில் அடித்தாள். "வாப்பா, இங்க பாருங்களே, சிலந்தி வலை மாதிரி இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். வட்டம் வட்டமாக ஆயிரம் நுண்ணிய கீறல்கள்! வெள்ளை நிறமானதால் பகலில் கண்ணுக்குப் படவில்லை. விளக்கு வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிட்டது. கீறியது யார்? வேறு யாருமில்லை, நான்தான்.

தாளளவு தடிப்புள்ள தோல்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் மகள் எனக்கு விளக்கினாள். இன்றைய கார்களின் தகட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் உள்ளன. துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு முதலில். அடுத்தது இடைப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு. பெரும்பாலான கார்களில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு ஒன்றும் இருக்கும். இவை அத்தனையும் சேர்ந்தால் தடிப்பு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்று அதிகம். அதாவது ஒரு தாளின் தடிப்பு! மேலே உள்ள தெளிந்த பூச்சு ஒரு தலைமுடியின் தடிப்புக்கும் குறைவு. நம் கண்ணுக்குத் தெரியும் மினுக்கம் முழுவதும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது.

வெண்மையைத் தருவது டைட்டானியம் டயொக்சைட் என்னும் வெண்பொடி. நமது நாட்டில் புல்மோட்டைக் கடற்கரையில் எடுக்கப்படும் கருமணலில் உள்ள இல்மனைட் கூட இந்தப் பொடிக்கு மூலப்பொருளாகும் கனிமம்தான். கரிய மணலுக்குள் இப்படியொரு வெண்மை இருக்கிறது!

ஊவாவின் தூசும் மழையும்

நமது ஊவா மாகாணத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை மலையைக் கடந்து வரும் வறண்ட கச்சான் காற்றை நீங்கள் அறிவீர்கள். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் தனி மணம் அந்தக் காற்றுக் காலத்துக் கொழுந்தில்தான் சேருகிறது. அதே காற்றுத்தான் தோட்டத்து மண் பாதைகளின் செந்தூசையும் அள்ளி வந்து வாகனத்தின் மேல் போர்த்துகிறது. தூசு பார்ப்பதற்கு மாவு போலிருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் மணற்துகள் பெயின்ட்டைவிடக் கடினமானது. அதன் மேல் உலர்ந்த துணியைப் போட்டுத் தேய்ப்பதும் அரத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான்.

பிறகு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. பசறைப் பக்கமோ நமுனுகுலைப் பக்கமோ போய்வந்தால் சில்லுக்கு மேலே இடுப்பளவு செஞ்சேறு. நிழல் மரத்தின் கீழ் நிறுத்தினால் பிசினும் பறவை எச்சமும். பரபரப்பான வீதியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் அடிக்கடி நிறுத்தினால், பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத்தூள் படியும். வெள்ளைக் காரில் சிறு செம்மஞ்சள் புள்ளிகளைக் கண்டு, "புதுக் காரே துருப்பிடித்துவிட்டதே" என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது காரின் துரு அல்ல. மேலே வந்து ஒட்டிய இரும்புத்தூளின் துரு.

இரண்டாவது பிழை

கீறலைக் கண்டதும் நான் மறுபக்கம் சாய்ந்தேன். உலர்ந்த துணியைக் கைவிட்டு, வாரம் இரு முறை ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு, உடுப்புக் கழுவும் பவுடரைக் கரைத்து நுரை பொங்கக் கழுவினேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கீழே தோட்டத்து லயங்கள். லயத்துப் பெண்கள் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் பீலி, எங்கள் வடிகால் போய்ச் சேரும் ஓடைக்குக் கீழே இருக்கிறது. ஒரு நாள் கொழுந்து பறித்துத் திரும்பிய அம்மா ஒருவர் மேலே ஏறி வந்தார். தயங்கி நின்று சொன்னார்:

"மௌலவி ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க மேல காரு கழுவுனா கீழ பீலியில நொர வருதுங்க. பச்சப்புள்ளைக்கும் அந்தத் தண்ணிதாங்க."

சகோதரிகளே, எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நபி (ஸல்) அவர்கள் இரு கைகளால் அள்ளும் அளவான ஒரு முத்து நீரில் வுழூச் செய்தார்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அன்று பிற்பகல் பத்து லீற்றர் வாளியைக் குழாயின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது. அரை மணி நேரம் குழாய் திறந்திருந்தால் 300 லீற்றர்! அதுவும் பிறருடைய குடத்துக்குள் சவர்க்காரத்தைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது. அயலவரின் உரிமையைப் பற்றி மிம்பரில் பேசிவிட்டு முற்றத்தில் அதை மறக்கலாமா?

உலர்த்தித் தேய்த்தால் கார் கெடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் பீலி கெடுகிறது. இரண்டுக்கும் நடுவே வழியென்ன என்று தேடியபோதுதான் மெழுகின் அருமை தெரிந்தது.

மெழுகு எதற்கு?

மெழுகு மினுக்கத்துக்கு என்றுதான் பலரும் எண்ணுகிறோம். மினுக்கம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அதன் முதல் வேலை காப்பு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் கார்னௌபா என்றொரு பனையினம் வளர்கிறது. அங்கும் நீண்ட வறட்சி. ஓலையிலுள்ள ஈரம் வெளியேறிவிடாதபடி அந்த மரம் தன் ஓலைகளில் மெழுகைப் படரவிடுகிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டி, உதிரும் பொடியை உருக்கி மெழுகாக்குகிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும். கார்னௌபாவோ 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். அத்தனை உறுதி. மரத்தின் ஓலைக்குப் படைத்தவன் தந்த காப்பு, நம் காரின் தோலுக்கும் உதவுகிறது. கடைகளில் கிடைக்கும் டப்பாக்களில் இதனுடன் வேறு மெழுகுகளும் கரைப்பான்களும் கலந்திருக்கும்.

மெழுகு பூசிய பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழும். சேறும் தூசும் இறுகப் பிடிக்காது. எனவே குறைந்த தண்ணீரில், குறைந்த தேய்ப்பில் அழுக்கு விலகும். இதுதான் மெழுகின் பலன். ஆனால் மெழுகு கீறலை ஆற்றாது. வெள்ளையை இன்னும் வெள்ளையாக்காது. அழுக்கின் மேல் பூசினால் அழுக்கைத்தான் காக்கும்!

செய்யும் முறை

1. ஸுபஹுக்குப் பின்போ அஸருக்குப் பின்போ, நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். வெயிலில் சூடேறிய தகட்டில் வேண்டாம்.

2. மூன்று வாளி போதும். முதல் வாளியை மேலிருந்து மெல்ல ஊற்றித் தூசையும் சேற்றையும் ஊறவிட்டு இறக்குங்கள். இரண்டாவதில் காருக்கான ஷாம்பூ சிறிதளவு. மூன்றாவது துணி அலசுவதற்கு. கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். சில்லுகளுக்குத் தனித் துணி. முடிவில் அலசக் கொஞ்சம் நீர் தேவைப்படலாம். பாத்திரம் கழுவும் திரவமும் உடுப்புப் பவுடரும் மெழுகைக் கரைத்துவிடும், அவற்றைத் தவிருங்கள்.

3. மென்மையான மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவிப் பாருங்கள். மணல் போல் நறநறவென்று தட்டுப்பட்டால், மேலே சொன்ன இரும்புத்தூள் போன்றவை ஒட்டியிருக்கின்றன என்று பொருள். அதை நகத்தால் சுரண்டாதீர்கள். அதற்கென்றே பிசைந்த களி போன்ற ஒரு பொருள் விற்கிறார்கள். அதை ஈரமாகப் பயன்படுத்தலாம், அல்லது தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கலாம்.

4. மெழுகை ஒரு நாணயத்தின் அளவு ஸ்பொஞ்சில் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் மட்டும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் அளவுக்குத்தான். தடிப்பாகப் பூசினால் காப்பு கூடாது. துடைக்கும் வேலைதான் கூடும்.

5. சில நிமிடங்கள் கழித்து விரலால் ஒரு கோடு இழுங்கள். பூச்சு பிசுபிசுக்காமல் சுத்தமாக விலகினால், வேறொரு சுத்தமான துவாயால் துடைத்தெடுக்கலாம். துவாயை அடிக்கடி மடித்துத் திருப்புங்கள். கீழே விழுந்த துவாயை மீண்டும் எடுக்க வேண்டாம்.

6. கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளில் மெழுகு படாமல் பாருங்கள். படிந்தால் வெண்திட்டு எளிதில் போகாது.

வாங்கும்போது டப்பாவை வாசியுங்கள். பொலிஷ் வேறு, மெழுகு வேறு. கட்டிங் என்றோ ரப்பிங் கொம்பவுண்ட் என்றோ எழுதியிருந்தால், அது பூச்சைத் தேய்த்தெடுக்கும் பொருள். புதுக் காருக்கு வேண்டாம். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் தேய்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் தூசைத்தான் கூட்டும். தொழிற்சாலைப் பூச்சு சூளையில் சுட்டுப் பதமாக்கப்பட்டது. அதற்கு உடனே மெழுகு பூசலாம். ஆனால் விபத்துக்குப் பின் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி என்றால், எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பறவை எச்சத்தைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். நனைத்த கடதாசியை அதன்மேல் சில நிமிடம் போட்டு, ஊறிய பின் தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.

நம் பகுதிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். கச்சான் தொடங்குமுன் மே மாதத்தில் ஒரு முறை. மழைக்கு முன் செப்டெம்பர் முடிவில் ஒரு முறை. இடையில் தண்ணீர் முத்தாக உருளாமல் தகட்டில் பரந்து படியத் தொடங்கினால் மீண்டும் பூசும் நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும்.

கையிலும் மெழுகு

ஒரு முக்கியமான விடயம். தண்ணீரைத் தகட்டில் ஒட்டவிடாத மெழுகு, உங்கள் கையிலும் ஒட்டவிடாது. தோலில் நீர் படுவதைத் தடுக்கும் பொருள்களில் மெழுகையும் மாவுப்பசையையும் ஃபிக்ஹு நூல்கள் சொல்லியிருக்கின்றன. படலமாக ஒட்டியிருந்தால் அதை நீக்கிய பின்பே வுழூ நிறைவேறும். ஆகவே கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். இல்லையேல் தொழுகைக்கு முன் சவர்க்காரம் போட்டு, நகக்கண் வரை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். டப்பாவையும் மெழுகுத் துணியையும் அடுப்புக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

இப்போது

நாங்கள் காரை வடிகால் பக்கத்திலிருந்து வீட்டின் மறுபுறத்துப் புல்தரைக்கு மாற்றிவிட்டோம். அந்தச் சரிவு பீலியின் பக்கம் இறங்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று வாளி, சில நாள் நான்கு. மெழுகு பூசிய பின் சேறு ஊற்றிய நீரிலேயே பாதி இறங்கிவிடுகிறது. அந்த அம்மாவிடம் போய், இப்போது நுரை வருகிறதா என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா" என்றார். அந்தப் பதில் காரின் மினுக்கத்தைவிட எனக்கு நிம்மதியாக இருந்தது.

போனட்டில் நான் போட்ட கீறல்கள் இன்னும் இருக்கின்றன. தேய்த்தெடுத்தால் மெல்லிய தோல் இன்னும் மெலியும் என்பதால் விட்டுவிட்டோம். தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "பரவால்ல நானா, ஓடத்தானே வாங்கின. இனிக் கீறாமப் பாத்தாச் சரி" என்றார்.

உங்கள் முற்றத்திலும் ஒரு வாகனம் நிற்கிறதா? அடுத்த முறை வாளியை எடுக்குமுன், அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.