கிணறு மறக்கும் காலம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் முல்லைத்தீவுக் கரையிலே கடல் ஏறிற்று. ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்ற அந்த ஆழிப்பேரலை, வடிந்தபோது மற்றொரு துன்பத்தையும் பின்னே விட்டுச் சென்றது. கரையோர மணற்பரப்பிலிருந்த கிணறுகளில் கடல்நீர் புகுந்திருந்தது. பேரலை தாக்கிய இலங்கைக் கரைகளெங்கும் இதே நிலைதான். உயிர் பிழைத்தோர் தம் ஊருக்கு மீண்டு குடியமர வேண்டுமாயின், முதலில் வேண்டுவது ஒரு குடம் நன்னீர்.

கிணற்றை இறைத்துவிட்டால் உப்பு ஒழிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறே பல கிணறுகள் இறைக்கப்பட்டன. ஆயினும், இறைத்த கிணறு சில நாட்களில் மீண்டும் உவர்ப்பதுண்டு. வெளியே ஊற்றிய உப்பு திரும்பி வந்தது எங்ஙனம்?

இதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது எளிதில் விளங்குவது. கரையோர மணலில் நன்னீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது பரந்திருக்கும் என்பது நிலநீர் அறிஞரின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழேயுள்ள உவர்நீர் பல அடி மேலெழும். எனவே அளவுமீறி இறைப்பது உப்பை அழைத்துவருவதாகவே முடியும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. அது கணிதத்தின் துணையை வேண்டுவது.

உப்பு நீரிற் பரவும் விதத்தை 1855ஆம் ஆண்டில் அடோல்ப் பிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு உப்புச் செல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு விரைவாகச் செல்லும். வெப்பத்துக்குப் பூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியும் இத்தகையதே. இவ்விதியிலே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கணத்தில் உப்பின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது இந்தக் கணத்தின் நிலை மட்டுமே. நேற்று எவ்வாறு இருந்தது என்று சமன்பாடு கேட்பதில்லை. அதற்கு நினைவு இல்லை.

நினைவில்லாத பரவல் எல்லைக்குட்பட்ட ஓரிடத்தில் நிகழ்ந்து, விளிம்பில் உப்பு வெளியேறிக்கொண்டிருக்குமாயின், அதன் முடிவு எளியது. ஒரு மாதத்தில் உப்புப் பாதியானால், அடுத்த மாதத்தில் அதிற் பாதி. அதற்கடுத்த மாதத்தில் அதிலும் பாதி. பதினாறு பங்கு உப்பு நான்கு மாதத்தில் ஒரு பங்காகிவிடும்.

மண்ணோ இவ்வளவு எளியதன்று. பெருமணலின் இடைவெளிகளில் நீர் தடையின்றி ஓடும். அம்மணலிடையே களியும் சேறும் படிந்திருந்தால், அவற்றின் நுண்ணிய துளைகளில் நீர் அசையாது நிற்கும். கடல்நீர் நிலத்தை மூடிய வேளையில் உப்பு இத்துளைகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பின்னர் கிணற்றை இறைத்தால் ஓடும் நீரிலுள்ள உப்பு மட்டும் போகும்; துளைகளில் ஒளிந்த உப்பு மெல்ல மெல்ல வெளியே கசியும். இறைப்பை நிறுத்திய பின் நீர் மீண்டும் உவர்ப்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

ஓடும் நீரை மட்டும் கணக்கிலெடுத்து, துளைகளை வெளிப்படையாகச் சொல்லாமல் சமன்பாடு எழுதினால் ஒரு புதுமை தோன்றும். இன்றைய மாற்றம் இன்றைய செறிவை மட்டுமன்றி, நேற்றும் முந்தாநாளும் அதற்கு முன்னும் இருந்த செறிவுகளையும் பொறுத்ததாகிவிடும். அண்மைக் காலத்துக்கு மிகுந்த நிறை. தொலைக் காலத்துக்குக் குறைந்த நிறை. இதுவே நினைவுடைய பரவற் சமன்பாடு. இந்நினைவு மாயமன்று, கண்ணுக்குப் புலப்படாத அறைகளின் நிழலே அது.

பொருள்கள் தம் பழமையை நினைவில் வைத்திருப்பதை 1874ஆம் ஆண்டில் போல்ட்ஸ்மான் மீள்சக்தியுடைய பொருள்களில் ஆராய்ந்தார். பின்னர் இத்தாலியக் கணிதரான வோல்ட்டெரா இத்தகைய சமன்பாடுகளுக்கு முறையான வடிவம் தந்தார். 1970ஆம் ஆண்டில் தபெர்மொஸ் ஒரு பயனுள்ள வழியைக் கையாண்டார். கடந்த கால வரலாற்றையே இன்னொரு தெரியாக் கணியமாகக் கொண்டு, நிலைமையும் வரலாறும் சேர்ந்து காலப்போக்கில் எங்கே சென்றடைகின்றன என்று அவர் வினவினார்.

இவ்வழியில் வந்த ஆராய்ச்சிகள் கூறும் முடிவு இது: கலக்கம் ஈற்றில் தணிந்தாலும், அது தணியும் வேகம் நினைவு மங்கும் வேகத்தைப் பெரிதும் சார்ந்தது. நினைவு விரைந்து மங்கினால் உப்பும் மேற்சொன்னவாறு சம காலங்களிற் பாதி பாதியாகக் குறையும். நினைவு நீண்ட வாலுடையதாயின் உப்பும் நீண்ட வாலுடையதாகும். காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் ஒரு செறிவை உதாரணமாகக் கொள்ளலாம். முதலாம் மாத முடிவில் பதினாறு பங்கு. எட்டுப் பங்காவது நான்காம் மாதத்தில். நான்கு பங்காவது பதினாறாம் மாதத்தில். இரண்டு பங்காவது அறுபத்துநான்காம் மாதத்தில். முன்னைய கணக்கில் நான்கு மாதத்தில் நிகழ்ந்தது, இங்கே ஐந்து ஆண்டுகளிலும் நிறைவேறவில்லை.

எனினும் மண்ணின் துளைகள் எல்லையற்றவை அல்ல. மிக ஆழ்ந்த துளையும் வெறுமையாகும் காலம் வரும். அதன் பின் வால் அறுபட்டு, உப்பு மீண்டும் விரைவாகக் குறையும். நிலம் நெடுங்காலம் நினைக்கும்; ஆயினும் என்றென்றைக்கும் நினையாது.

இவ்வறிவினால் விளையும் பயன் யாது? இறைத்த அன்று எடுத்த ஒரு வாளி நீரைச் சுவைத்துக் கிணறு தேறிவிட்டது என்று தீர்ப்புக் கூறலாகாது. இறைப்பை நிறுத்திச் சில நாள் விட்டு அளக்க வேண்டும். மாதந்தோறும் அளந்து குறித்துவைக்க வேண்டும். குறையும் வேகம் வரவரத் தளர்ந்தால், துளைகளில் உப்பு இன்னும் உண்டென்று ஐயுற வேண்டும். அக்காலம் வரை குடிநீருக்கு வேறு வழி செய்தே ஆகவேண்டும். இடைவிடாத இறைப்பினால் உப்பின் கசிவை விரைவுபடுத்துவது அரிது. கீழேயுள்ள உவரை எழுப்பும் ஆபத்தோ பெரிது.

கிணற்றைக் கழுவும் ஆற்றல் வாடைக்காற்றோடு வரும் மாரிமழைக்கே உண்டு. வன்னி நிலத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதே பெருமழை. பேரலை வந்ததோ அம்மாரி தணியும் தறுவாயில். ஆகவே உப்பேறிய கிணறுகள் அடுத்த மாரியை எதிர்நோக்கிக் கோடை முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. மழைநீர் மேலிருந்து இறங்கி உவரைக் கடலை நோக்கித் தள்ளும். ஒவ்வொரு மாரியும் துளைகளிலிருந்து இன்னுஞ் சிறிது உப்பைக் கவர்ந்து செல்லும்.

கடல் சில நிமிடங்களில் எழுதியதை மழை பல பருவங்களில் அழிக்கிறது. எத்தனை பருவங்கள் வேண்டும் என்பதை, மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பார்த்து அறிய முடியாது. அந்தக் கணக்கு கீழே அசையாது நிற்கும் மண்ணில் இருக்கிறது.