நோய் திரும்பி வந்தால்

அடங்கியிருந்த இரத்தப் புற்றுநோய் மீண்டும் தலைதூக்கினால், "நாம் என்ன குறை வைத்தோம்?" என்றுதான் வீட்டார் முதலில் கலங்குவார்கள். குறை யாருடையதும் அல்ல. இரத்த அணுக்கள் நம் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. முதல் சிகிச்சையில் கெட்ட அணுக்கள் பெரும்பாலும் அழிந்தாலும், சில பதுங்கியிருக்கலாம். லாலாங் புல்லை வெட்டிய பிறகும் மண்ணுக்குள் வேர் கிடப்பதில்லையா? அதைப் போலத்தான். கண்ணேறும் செய்வினையும் இதற்குக் காரணமல்ல. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

மீண்டும் வந்த நோய்க்கு மருத்துவர்கள் மருந்தை மாற்றுவார்கள். சில வேளைகளில் கடுமையாக்குவார்கள். சிலருக்குப் பிறருடைய மஜ்ஜை தேவைப்படும். நம் நாட்டில் இச்சிகிச்சை 1987ஆம் ஆண்டு கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கொடுத்தவருக்கு மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் உண்டாகிவிடும். பொருந்தாமற்போன பிள்ளையை, "உன்னால் உதவ முடியவில்லையே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

மருந்து ஏற்றும் நாள்களில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் குறைந்துவிடும். அப்போது வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது. காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெனடோல் கொடுத்துப் படுக்க வைத்தால், சூடு தணியும், கிருமி தணியாது. உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணம் தொலைவு. ஆகவே, நள்ளிரவில் யாருடைய வண்டி, யார் ஓட்டுவது, யார் துணைக்குப் போவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்து கிடைக்கிறது. அதற்காக இலையைக் காய்ச்சிக் குடிக்கக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. அந்தச் செடி நஞ்சுள்ளது. மருத்துவர் அளவறிந்து ஏற்றுவது வேறு, நாம் அளவறியாமல் கொடுப்பது வேறு.

வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தாய் விடியற்காலையில் பால்வெட்டப் போனால், சுடச்சுடச் சமைத்த கஞ்சியைப் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுக்கலாம். இருமல் சளி உள்ளவர்கள் வாசலோடு நலம் விசாரித்துத் திரும்பட்டும்; அதுவும் அன்புதான்.

எல்லாச் சிகிச்சையும் வெற்றி பெறும் என்று நாம் சொல்லவில்லை. குணப்படுத்த இயலாது என்று மருத்துவர் சொல்லும் நிலை வந்தாலும், வலியைத் தணிக்க மருந்து உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். நோயாளியிடம் உண்மையை மறைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று அழ வேண்டாம். பிள்ளையாயிருந்தால், அதன் வயதுக்கு ஏற்ப எடுத்துச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.