காற்று எந்தப் பக்கம்? கடலில் பட்டம் பிடித்து ஓடும் விளையாட்டு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், சிங்கப்பூரின் தேசிய தினத்தன்று, பிரான்சு நாட்டின் மார்செய் நகரக் கடலில் மேக்சிமிலியன் மேடர் என்ற 17 வயதுச் சிங்கப்பூர் இளைஞர் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் வென்றார். சிங்கப்பூருக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர்களில் மிக இளையவர் அவர்தான். அவரிடம் படகும் இல்லை, துடுப்பும் இல்லை. காலடியில் ஒரு பலகை, மேலே ஒரு பட்டம், அவ்வளவே. இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அங்கே காற்று போதாமல் பந்தயங்கள் தள்ளிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். உலகத்தின் தலைசிறந்த வீரர்களே காற்றுக்காகக் கரையில் காத்துக் கிடந்தார்கள்!

‘கைட் சர்ஃபிங்’ என்று பெயர். நம் நாட்டிலும் நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், குவாந்தான் பக்கத்துப் பாலோக், செராத்திங் கடற்கரைகளில் இதைக் காணலாம். வெள்ளைக்காரர்களின் பணக்கார விளையாட்டு, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கடற்கரை விடுதிகளில் வேலை செய்கிறார்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடலுக்குப் போகாதவர்களும் நம்மில் குறைவு. பார்த்தவனுக்கு ஆசை வரும்; ஆசை வந்தவன் கற்றுக்கொள்ளப் போவான். போகிறவன் விவரம் தெரிந்து போகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டத்தைப் பற்றி. பிள்ளைகள் மூங்கில் குச்சியும் தாளும் ஒட்டிச் செய்கிற பட்டத்தோடு இதை ஒப்பிடவே கூடாது. பிறை வடிவத்தில் வளைந்த துணிப்பட்டம். அதன் முன்விளிம்பில் காற்றடித்த குழாய் இருக்கும். அதனால்தான் நீரில் விழுந்தாலும் மிதக்கிறது, மறுபடியும் எழுப்ப முடிகிறது. பிரான்சின் லெகெனு சகோதரர்கள் புரூனோவும் டொமினிக்கும் 1984இல் இதற்குக் காப்புரிமை கேட்டுப் பதிவு செய்தார்கள். பட்டத்தின் பரப்பு 7 முதல் 14 சதுர மீட்டர் வரை இருக்கும். சிறு அறையின் தரையளவு. கயிறுகள் 20 மீட்டருக்கும் மேல் நீளம். அவை ஒரு கைப்பிடித் தடியில் சேர்ந்து, இடுப்பில் கட்டிய வாரின் கொக்கியோடு இணைகின்றன. அதாவது பட்டம் கையில் இல்லை, உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. ஆபத்தின் வேர் இதுதான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். கடற்காற்றை ‘நாட்’ கணக்கில் அளப்பார்கள்; ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 10 நாட் காற்றில் ஒரு பட்டம் 10 கிலோ கனத்துக்கு இழுத்தால், 20 நாட்டில் அதே பட்டம் 40 கிலோவுக்கு இழுக்கும், 30 நாட்டில் 90 கிலோவுக்கு. மழைக்கு முன் திடீரென வீசும் காற்று ரப்பர் மரத்தை முறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு 12 முதல் 18 நாட் வரையிலான, சீராக வீசும் காற்றே ஏற்றது. கருவி இல்லாதவர்கள் கடலைப் பார்த்தே ஓரளவு மதிப்பிடலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட். பரவலாக நுரை தெரிந்து, கரையில் தூசியும் காகிதமும் பறந்தால் 11 முதல் 16. சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 17க்கு மேல்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் திசை. இதில் நம்மவர்களுக்கு ஒரு நல்ல பாடம் ஏற்கெனவே தெரியும். தோட்டத்தில் மருந்து அடிக்கிற பெண்களைக் கேளுங்கள். காற்று முகத்துக்கு வந்தால் மருந்தும் முகத்துக்கு வரும் என்பதால், தோம்பைத் தூக்கும் முன் காற்றைப் பார்ப்பார்கள். அதே கண்தான் கடற்கரையிலும் வேண்டும். காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி விடுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால், இரண்டு காதிலும் இரைச்சல் சமமாகக் கேட்கும்போது காற்றுக்கு நேர் எதிரே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். காற்று வருகிற திசையால்தான் அதற்குப் பெயர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது. நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே இந்த விதி இருக்கிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கிழக்குக் கரையில் வேலைக்குப் போனவன், ஒருமுறை கேட்டான்: “சார், காத்து கடல்லேருந்து வந்தா நல்லதா, கரையிலேருந்து வந்தா நல்லதா?” நல்ல கேள்வி. பதில், நேராக வந்தால் இரண்டுமே கெடுதல்.

கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று ஆளை நடுக்கடலுக்குக் கொண்டு போய்விடும். புதியவனால் காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. பழகியவர்களே குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்துதான் வருவார்கள். கடலிலிருந்து நேராகக் கரைக்கு வீசும் காற்றோ, ஆளை மணலுக்கும் மரத்துக்கும் மின்கம்பிக்கும் இழுத்து வரும். நல்ல காற்று, கரைக்குப் பக்கவாட்டில், சற்றே கரை நோக்கிச் சாய்ந்து வீசுவது. அப்போது கரையோரமாகவே போய்த் திரும்பலாம். பட்டம் விழுந்து தவித்தாலும் அலையும் காற்றும் மெல்ல மணலில் கொண்டு சேர்த்துவிடும். பகாங் கரை கிழக்கு நோக்கியது. கடலைப் பார்த்து நின்றால் வடகிழக்குக் காற்று இடது முன்புறத்திலிருந்து சாய்வாக வருகிறது. பாலோக்குக்கு ஆட்கள் தேடிப் போவதன் ரகசியம் இதுதான்.

இதே காற்று மேற்குக் கரைக்கு வரும்போது குணம் மாறிவிடுகிறது. போர்ட்டிக்சனிலும் மோரிப்பிலும் அது நிலத்தைக் கடந்து கடலுக்குப் போகிற காற்று. பட்டம் பிடிக்காத குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் அங்கே போகிறோம். கரையில் மரமும் கட்டடமும் காற்றை மறைப்பதால் ஓரத்து நீர் கண்ணாடிபோல் கிடக்கும். “கடல் அமைதியா இருக்கு” என்று பிள்ளையைக் காற்றடித்த மிதவையில் உட்கார வைப்போம். ஐம்பது மீட்டர் தள்ளிப் போனதும் மறைப்பு இல்லை. மிதவையைக் காற்று கொண்டு போகும். நீந்தித் துரத்துகிறவரும் களைத்துப் போவார். ஆளில்லாத மிதவை போனால் போகட்டும், பத்து இருபது வெள்ளிதான். பிள்ளையோடு போனால் அலறி ஆட்களையும் படகையும் கூப்பிடுங்கள், 999க்கு அழையுங்கள். பிள்ளைக்கு, மிதவையை விடாதே என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பிற்பகலில் கடற்காற்று எழுந்து இந்தத் திசையை மாற்றுவதும் உண்டு. வெயிலில் நிலம் சீக்கிரம் சூடேறி மேலே எழும் காற்றுக்குப் பதிலாகக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் இது தலைகீழ். ஆகவே காலையில் பார்த்த திசையை மாலைக்கு நம்பலாகாது. ‘சுமத்ரா’ என்று சொல்லும் புயல்வரிசை வேறு இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து அறையும். தொடுவானில் கருமேகம் சுவர்போல் எழுந்து, காற்று திடீரென நின்றோ குளிர்ந்தோ போனால், கடலில் இருப்பவன் உடனே கரையேறிப் பட்டத்தை இறக்கிவிட வேண்டும். இடி கேட்டபின் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை.

கற்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் சில. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரிடம்தான் கற்க வேண்டும். நண்பன் சொல்லித் தருவான், கைப்பேசியில் படம் பார்த்தேன் என்பதெல்லாம் இதற்கு உதவாது. முதலில் மணலில் சிறிய பட்டத்தை வைத்துப் பழக்குவார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நேர் முன்னால், தாழ்வாக, பட்டம் பறக்கும் இடத்தில் இழுவை மிக அதிகம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அந்த ஓரங்களில் இழுவை குறைவு. அதனால் எப்போதும் ஓரத்திலிருந்தே, அதுவும் கடல் பக்கத்து ஓரத்திலிருந்தே பட்டத்தை எழுப்ப வேண்டும். எழுப்பிய பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு மணலில் பேசிக்கொண்டு நிற்பது மிகக் கெட்ட பழக்கம். ஒரு வலங்காற்று போதும், ஆளையே தூக்கிவிடும்.

பயத்தில் மனிதனுக்குக் கை இறுகும். மோட்டார் சைக்கிள் புதிதாக ஓட்டுபவன் பயந்து முறுக்கியை இன்னும் முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் தடியை இழுத்துப் பிடித்தால் பட்டத்தின் வலு கூடும், விட்டால் குறையும். ஆகவே முதல் பாடம், தடியை விடுவது. அதிலும் அடங்காவிட்டால் கொக்கியின் விடுவிப்பானைத் தள்ள வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி வலுவிழக்கும். அதுவும் பலிக்காவிட்டால் அந்தக் கயிற்றையும் கழற்றி, பட்டத்தைப் போக விட்டுவிட வேண்டும். விலை உயர்ந்த பொருளாயிற்றே என்று தயங்கக் கூடாது. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகிய பிறகே நீரில் இறங்க வேண்டும். தலைக்கவசம், மிதவைச் சட்டை, கயிறு அறுக்கும் சிறு கத்தி மூன்றும் கட்டாயம் வேண்டும்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் பட்டத்துக்குக் காற்று போகிற பக்கத்தில் நிற்கக் கூடாது. விழுந்தாலும் அறுந்தாலும் அது அந்தப் பக்கம்தான் வரும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி, காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள். மணலில் கிடக்கும் கயிறுகளைத் தாண்டவோ கையில் சுற்றவோ வேண்டாம். இழுபட்டால் கத்திபோல் அறுக்கும். “கொஞ்சம் பிடிங்க” என்று அறிமுகமில்லாதவர் பட்டத்தை நீட்டினால், பழக்கம் இல்லை என்று மறுத்துவிடுவதில் வெட்கமில்லை. பழகியவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் எழுப்பலாம் என்று பொருள். தலையைத் தட்டிக் காட்டினால் இறக்கப் போகிறேன், வந்து பிடி என்று பொருள். இறக்கிய பட்டத்தை முன்விளிம்பு காற்று வரும் பக்கம் இருக்கும்படி கவிழ்த்து, மேலே நாலு கை மணலை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கவே போவார்கள்.